எச்சம் என்று நினைத்தது

ஸ்டுடியோக்காரியின் வலது கை மவுஸில் இருந்தது, இடது கை விசைப்பலகையில் இரண்டே பொத்தான்களின் மேல். திரையில் ஒரு கல்லூரி மாணவனின் முகம். பருக்களை எடுத்தாள். மூக்கோரத்து எண்ணெய்ப் பளபளப்பை எடுத்தாள். மச்சத்தைத் தொடவில்லை, மச்சம் அடையாளம். நெற்றியில் தனியாகத் துருத்திக்கொண்டிருந்த ஒரு முடியை எடுத்தாள். காதுக்குப் பின்னால் சுவரில் விழுந்திருந்த நிழலைச் சுத்தமாகத் துடைத்தாள். நிழலோடு போன படத்தைப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்புறம் ஆள் வந்து கடை வாசலில் நின்று கத்துவான். இதையெல்லாம் அவள் யோசித்துச் செய்வதில்லை. ஒரு பக்கம் பேச்சு, இன்னொரு பக்கம் ஆறிப்போன டீ, நடுவில் கை அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் படங்களை வெட்டி உறையில் போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் அவருக்குக் கட்டிங் என்று பெயர். அவளுக்கு 'சிரிக்காதீங்க' என்று பெயர். விளக்கைப் போட்டதும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். கைக்குழந்தையிடமும் அதையேதான் சொல்வாள்.

"கல்யாணத்தன்னிக்கு என்கிட்டயும் அதைத்தான் சொன்னா. இன்னி வரைக்கும் நான் மீறினதில்ல" என்று கட்டிங் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கும் படம் வேண்டியிருக்கிறது. ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று ஓய்வூதியத்துக்குக் காட்ட வேண்டும். அந்த வேலைக்கு ஊரில் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் யாரும் போவதில்லை, நாற்றம் தாங்காது என்பார்கள். இவள் போவாள். போனதும் ஜன்னலைத் திறப்பாள். எச்சில் வடியும் வாயை ஈரத்துணியால் துடைப்பாள். கண்ணில் பீளை இருந்தால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் எடுப்பாள். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்து, தலைக்குப் பின்னால் வெள்ளை விரிப்பைப் பிடிக்கச் சொல்லி, நோயாளிக்கு மூச்சு வாங்குவதற்குள் படத்தை முடித்துவிடுவாள். மருமகள்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நிற்பார்கள். அருவருப்பு இவளுக்கும் உண்டு. ஆனால் மலம், மூத்திரம், சீழ் இதையெல்லாம் பார்த்து வருகிற அருவருப்பு இல்லை. அவை உடம்பிலிருந்து வருகிறவை, வரத்தான் செய்யும்.

அப்படி ஒரு வேலைக்காகச் செங்கல் சூளைக்காரரின் வீட்டுக்குப் போய்விட்டு நடந்து திரும்பிய ஒரு மத்தியானத்தில்தான் அவள் பஞ்சுருட்டான் குருவிகளைப் பார்த்தாள். சூளைக்கு மண் எடுத்த பெரிய பள்ளம். ஒரு பாதியை ஊர்க் குப்பை நிரப்பிவிட்டது. கோழிக்கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் குடலையும் இறகையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஈ மொய்த்துக் காற்றே கறுப்பாகத் தெரியும். அந்த ஈக்கும் குளவிக்கும் தும்பிக்கும்தான் அந்தப் பறவைகள் வந்திருந்தன. குப்பையில்லாத பக்கம், சுவர் மாதிரி நின்ற மண்கரையில் வளை தோண்டிக் குஞ்சு வைத்திருந்தன. மனிதன் ஒரு காரியத்தை எவ்வளவு கேவலமாகச் செய்தாலும் அதிலும் ஒரு வாய்ச் சோறு தேடிக்கொள்ளும் பிராணி ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் காமிரா இருந்தது. எடுத்தாள்.

படம் எடுப்பவர்கள் யாரும் உச்சி வெயிலில் பறவை எடுக்க மாட்டார்கள். காலையில் சீக்கிரம் போக வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலம். வெளிச்சம் சாய்வாக, மஞ்சளாக, பூப்போல விழ வேண்டும். ஆனால் காலையும் சாயங்காலமும் கடையில் கூட்டம். சாப்பாட்டு நேரத்துக்கு மேல்தான் தெரு வெறிச்சென்று கிடக்கும். அதனால் அவளுக்கு வாய்த்தது மண்டையைப் பிளக்கும் வெயில் மட்டும். பஞ்சுருட்டானுக்குக் கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது. உச்சி வெயிலில் அந்தப் பட்டைக்குள் கண் காணாமல் போய்விடும். மேல்முதுகு வெந்து வெளுத்துப்போகும், அடிவயிறு இருண்டுவிடும். முதல் வருஷம் முழுக்க அவளுக்குக் குருட்டுப் பறவைகள்தான் கிடைத்தன.

பிறகு ஒன்று பிடிபட்டது. மண் எடுத்த இடத்தில் தரை வெளுப்பாக இருந்தது. வெயில் அதில் பட்டு எகிறி மேலே வந்தது, ஸ்டுடியோவில் முகவாய்க்குக் கீழே வெள்ளைத் தட்டி பிடிப்பதைப் போல. கரைக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒரு காய்ந்த வேர் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் உட்காரும் பறவைக்குக் கீழிருந்து வெளிச்சம் கிடைத்தது. குளவியைப் பிடித்துக்கொண்டு வந்து, கொடுக்கு உதிரும்வரை அந்த வேரில் அடி அடி என்று அடிக்கும். அடிக்கும்போது ஒரு கணம் தலையைச் சாய்க்கும். அப்போதுதான் வெயில் கண்ணில் ஒரு புள்ளியாக விழும். அந்த ஒரு கணத்துக்காக அவள் வியர்வையில் நனைந்து, குடல் நாற்றத்தைக் குடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் உட்கார்ந்தாள். கிடைத்த படங்களை அழகு என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு இறகும் கத்தி மாதிரி தெரிந்தது, குளவியின் கால்முள் தெரிந்தது, வெப்பத்தில் வாய் பிளந்து மூச்சிரைக்கும் பறவையின் நாக்கு தெரிந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் படங்களில் மட்டும் அவள் எதையும் அழித்ததில்லை.

அவள் செய்த ஒரே முட்டாள்தனம், இடத்தைத் தம்பியிடம் சொன்னது.

தம்பிக்கு டைல்ஸ் கடை. நல்ல ஓட்டமுள்ள கடை. இரண்டு வருஷம் முன்னால் முழங்கை நீள லென்ஸ் ஒன்றும், நாலாப்பக்கமும் பை வைத்த சட்டை ஒன்றும் வாங்கினான். போனில் தன் பக்கத்துக்கு 'இயற்கையின் காதலன்' என்று பேர் வைத்தான். அதைப் பார்த்த கட்டிங், "பொண்டாட்டிக்குத் தெரியுமா இந்தக் காதல்?" என்று கேட்டார். வெளியூரிலிருந்து படம் எடுக்க ஆட்களை வேனில் கூட்டிக்கொண்டு போகிற அளவுக்கு அவன் வளர்ந்திருந்தான். போன வாரம் நகர மண்டபத்தில் கண்காட்சி தொடங்கியது. அதில் அவனுடைய இரண்டு பஞ்சுருட்டான் படங்கள் தொங்கின. பெரிய அளவில் அச்சுப் போட்டுக் கொடுத்தது அக்காள்தான். மூன்றாவது படத்தை இன்று காலை கொண்டுவந்து போட்டுவிட்டு, கடை திறக்க வேண்டும் என்று வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னான்:

"அக்கா, முன்ன மாதிரியேதான். குச்சில வெள்ளையா எச்சம் இருக்கு பாரு, அதை மட்டும் எடுத்துடு. பாக்க அசிங்கமா இருக்கு. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

கல்லூரி மாணவனை முடித்துவிட்டுத் தம்பியின் படத்தைத் திறந்தாள். நல்ல படம். ஒரு தும்பி பறக்கிறது, பறவை குச்சியிலிருந்து கழுத்தை நீட்டி அலகைத் திறந்திருக்கிறது. வழக்கமாக விடியற்காலையில் எடுப்பவன், இதை உச்சி வெயிலில் எடுத்திருந்தான். கை வேலையைத் தொடங்கியது. குச்சியில் வெள்ளைத் திட்டு, போயிற்று. இன்னொன்று, போயிற்று. பறவையின் மார்பில் குறுக்கே மெல்லிசாக ஒரு கறுப்பு முடி. பாதி முடியை எடுத்திருப்பாள், கை நின்றது.

பஞ்சுருட்டானுக்கு ஏது முடி?

அழித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். அது முடி இல்லை, ஒரு நூலின் நிழல். வெள்ளை வெயிலில் நூல் கரைந்துபோயிருந்தது, நிழல் மட்டும் மாட்டிக்கொண்டது. பறவையின் மார்பைத் தாண்டிக் குச்சி வரை போயிற்று. இந்தப் பக்கம் அதே கோட்டை நீட்டிப் பார்த்தால் தும்பியின் இடுப்பில் போய் முடிந்தது. அந்தத் தும்பி பறக்கவில்லை, கட்டிப் போட்ட இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு வெள்ளைத் திட்டுகளைப் பெரிதாக்கினாள். எச்சம் என்றால் ஓரம் வழிந்திருக்கும், நடுவில் கருமை இருக்கும். இது நுரைத்துக் காய்ந்த பசை. டைல்ஸ் கடையில் உடைந்த மூலையை ஒட்டுவதற்கு வைத்திருப்பார்களே, தொட்டதும் பிடித்துக்கொள்ளும் பசை, அது. ஒரு திட்டில் தேனீயின் கால் ஒன்று மிச்சமிருந்தது.

முந்தைய இரண்டு படங்களிலும் இதே திட்டுகளைத்தான் எச்சம் என்று அழித்துக் கொடுத்திருந்தாள். ஆறிய டீயைக் குடித்துக்கொண்டே.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார் கட்டிங்.

"சும்மா இருங்க கொஞ்சம்" என்றாள். எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தாள்.

மத்தியானம் காமிராவை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனாள். அவள் கடைசியாக வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. பள்ளிக்கூட அடையாள அட்டைகளுக்கான சீசன், மத்தியானமும் நேரமில்லை. இப்போது பார்த்தால் அந்தக் காய்ந்த வேரை வெட்டி எடுத்திருந்தார்கள். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, லென்ஸுக்கு வாகாக, பின்னால் பச்சைப் புதர் வரும்படி, அழகான வளைவுகளுள்ள குச்சிகளை நட்டுவைத்திருந்தார்கள். வளைக்கு முன்னால் மறைவாக இருந்த புல்லை மழித்திருந்தார்கள். தரையில் பசைக் குழாய்கள், தண்ணீர் பாட்டில், ஓட்டை போட்ட மூடியோடு ஒரு கண்ணாடிப் புட்டி.

நடுக்குச்சியில் தேனீக்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. முதுகு ஒட்டியிருக்க, கால்கள் ஆகாயத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. செத்தவையும் இருந்தன, சாகாதவையும் இருந்தன. ஒரு கல்லை எடுத்து, சாகாதவற்றை ஒவ்வொன்றாக நசுக்கினாள். பிசுபிசுப்பு மிச்சமிருந்த பசையின் மேல் புழுதியை அள்ளி அப்பினாள்.

குச்சிக்கு அடியில் ஒரு பஞ்சுருட்டான் செத்துக் கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. எடுத்து ஊதினாள். எடையே இல்லை, நெஞ்செலும்பு தோலுக்கு வெளியே கத்தி மாதிரி நின்றது. சாப்பிட்டு நாளாகியிருந்த உடம்பு. படுக்கையில் கிடப்பவர்களிடம் அவள் பார்த்திருக்கிற அதே மெலிவு. அலகின் மேல்பாதியும் கீழ்பாதியும் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் தேனீயின் பாதி உடம்பு. நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தாள், பிரியவில்லை. வாய்க்கு வெளியே இரையை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல் பட்டினியில் செத்திருக்கிறது.

அழவெல்லாம் இல்லை. வெளுத்த தரையில் அதைப் படுக்கவைத்து, முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அலகு மட்டும் ஒன்று எடுத்தாள். அந்த வெயிலில் எதுவும் ஒளிந்துகொள்ள வழியில்லை. இன்னொரு பறவை மேலே மின்கம்பியில் குளவியோடு காத்திருந்தது. அவள் நகர்ந்ததும் கீழே பாய்ந்து வளைக்குள் போயிற்று. குஞ்சுகள் கேட்கும்போது அதற்குத் துக்கம் கொண்டாட நேரமில்லை. இவளுக்கும் இல்லை. குச்சிகளைப் பிடுங்கக் கையை வைத்தவள், விட்டுவிட்டாள். நட்டவனே பிடுங்கட்டும் என்று நினைத்தாள். படத்தைக் காட்டினால் பிடுங்கிவிடுவான் என்று அப்போதும் நம்பினாள்.

சாயங்காலம் தம்பி பை வைத்த சட்டையில் வந்தான்.

"அக்கா, ரெடியா?"

"உக்காரு. இதைப் பாரு." செத்த பறவையின் அலகு திரை அகலத்துக்கு நின்றது.

பார்த்தான். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "அது ஏதாவது சீக்கா இருக்கும்."

"சீக்கா? வாய்ல பசையோட ஒரு சீக்கா? அதுக்கு என்னடா மருந்து, டைல்ஸா?"

"எல்லாரும் பண்றதுதான்க்கா. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் பண்றாங்க. சாப்பாடு போடறோம், வந்து சாப்பிடுது. தட்டுல வெச்சு ஊட்டுற மாதிரிதான்."

"நீ உன் பிள்ளைக்கு ஊட்டும்போது தட்டைப் பசை போட்டு ஒட்டித்தான் ஊட்டுவியா?"

கட்டிங் சிரித்துவிட்டார். தம்பிக்குச் சுருக்கென்றது.

"மாமா, நீங்க சும்மா வெட்டிக்கிட்டு இருங்க. அக்கா, உனக்குப் பொறாமை. வெயில்ல எடுத்த உன் கறுத்த மூஞ்சிப் படத்தை எவனும் திரும்பிப் பாக்கல."

"பாக்க வேணாம். என் படத்துல அது தானா வந்து உக்காந்துச்சு."

"தானா வர்ற வரைக்கும் குப்பைல உக்காந்திருக்க எனக்கு வேற வேலை இல்லையா?"

"அப்ப எடுக்காத. யாரு உன்ன வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட்டா? எச்சம்னு சொல்லி எங்கிட்டயே குடுத்தியே, அதாண்டா வயித்தப் புரட்டுது."

"ரொம்பப் பேசாதக்கா. அழிச்சது உன் கைதான். மண்டபத்துல தொங்குற ரெண்டும் நீ சுத்தம் பண்ணதுதான். சொல்லப்போனா உன்னையும்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும்" என்று போனை எடுத்தாள். கண்காட்சி நடத்துகிறவர் அவள் வாடிக்கையாளர்தான். அவர் முகத்துத் தேமலை அவள் பலமுறை அழித்திருக்கிறாள். தம்பிக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியைப் போட்டாள். விஷயத்தை நாலு வார்த்தையில் சொன்னாள். தேனீயை ஒட்டி எடுத்த படம், ஒட்டினது என் தம்பி, பசையை அழிச்சது நான், இறக்கிடுங்க.

"ஏம்மா, படம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் அவர். "பாக்குறவங்க எல்லாரும் அதுகிட்டதான் நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. ஃப்ரேம் போட்டாச்சு, பரிசும் முடிவாயிடுச்சு. வீட்டுச் சண்டையை வீட்டுக்குள்ளயே வெச்சுக்கங்களேன்."

தம்பி புன்னகை செய்தான். அவள் அந்தப் புன்னகையைப் பார்த்தாள். மூன்று வயதில் சளி ஒழுகத் தன் இடுப்பில் இருந்த பிள்ளை அது. அந்தச் சளியை வெறுங்கையால் துடைத்தபோது அவளுக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது அவன் சட்டைக் கை தன் மேசையில் படுவதே பிடிக்கவில்லை.

"குச்சியெல்லாம் நீயே போய்ப் பிடுங்கு" என்றாள். "இன்னிக்கே."

"நாளைக்குக் காலைல வேன் வருது. வெளியூர் ஆளுங்க. சொல்லி வெச்சாச்சு. குஞ்சு பறந்து போறதுக்குள்ள இன்னும் ரெண்டு ட்ரிப் அடிக்கணும்." மூன்றாவது படத்தை வாங்காமலேயே இறங்கிப் போனான். அவனுக்கு வேறு பிரிண்ட் கடை கிடைக்காமலா போகும்?

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்காரங்க காலைலயே வருவாங்களே" என்றார் கட்டிங், மெதுவாக.

"வரட்டும், நிக்கட்டும்."

மறுநாள் விடிந்ததும் இருவரும் சைக்கிளில் போனார்கள். கட்டிங்கிடம் மண்வெட்டியும் ஒரு சாக்கும் இருந்தன. அவள் நோயாளி வீடுகளுக்கு எடுத்துப்போகிற ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டாள். காமிரா எடுத்து வரவில்லை. சாய்வான மஞ்சள் வெளிச்சம் கரை முழுக்க விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அந்த இடத்தை அவள் பார்த்ததேயில்லை. நின்று பார்க்கவும் இல்லை. குச்சிகளை அசைத்து அசைத்துப் பிடுங்கினாள். ஆழமாக நட்டிருந்தவற்றைக் கட்டிங் தோண்டி எடுத்தார், ஒடித்தார், சாக்கில் திணித்தார்.

"நடறதுல கில்லாடிடி உன் தம்பி. விவசாயம் பண்ணியிருந்தா உருப்பட்டிருப்பான்."

"பேசாம ஒடிங்க."

நடுக்குச்சியை மட்டும் விட்டுவைத்தாள். பிறகு மழித்த புல்லுக்குப் பதிலாகக் காய்ந்த முள்ளை இழுத்துவந்து, பறவை உள்ளே போக வழிவிட்டு, வளைகளுக்கு முன்னால் போட்டாள். பறவைகள் கம்பிக்கும் வளைக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தன. குச்சி இல்லாததால் அவற்றுக்கு ஒன்றும் குறையவில்லை.

வேன் வந்தது. பை வைத்த சட்டைகள் இறங்கின. தம்பி கடைசியாக இறங்கினான், கையில் கண்ணாடிப் புட்டியோடு. உள்ளே தேனீக்கள் மோதிக்கொண்டிருந்தன.

தொப்பி போட்ட ஒரு பெண் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க வந்து உக்காரும்?" என்று கேட்டாள்.

"அதோ, கம்பில" என்றாள் ஸ்டுடியோக்காரி. "எடுத்துக்கங்க, யாரு வேணாங்கறா."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெளுத்த வானத்தில் கறுப்பாகப் பறவையின் அடிவயிறு. ஒருவர் இரண்டு படம் எடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கா இவ்ளோ தூரம்?" என்றார் இன்னொருவர். தொப்பிக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, என்ன நாத்தம் இங்க" என்று வேனுக்குத் திரும்பினாள். நேற்று வரைக்கும் வேனில் வந்தவர்கள் இதே நாற்றத்தில்தான் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தம்பி அக்காளை நெருங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, "இனிமே வீட்டுப் பக்கம் வந்துடாத" என்றான்.

அவள் புட்டியை அவன் கையிலிருந்து வாங்கி மூடியைத் திருகினாள். தேனீக்கள் அவன் முகத்தைச் சுற்றிப் போயின; அவன் கைகளை வீசிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். மிச்சமிருந்த நடுக்குச்சியை அவள் காட்டினாள்.

"இது ஒண்ணை உனக்குன்னு வெச்சிருக்கேன். பிடுங்கிட்டுப் போ."

குச்சியைப் பார்த்தான், நசுங்கி ஒட்டியிருந்த தேனீக்களைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். ஹாரன் அடித்தது. போய் ஏறிக்கொண்டான்.

வேன் கிளப்பிய புழுதி அடங்கும்வரை அவள் நின்றாள். அப்புறம் குச்சியை அவளே பிடுங்கினாள். முழங்காலில் வைத்து ஒடித்தாள், சாக்கில் போட்டு வாயைக் கட்டினாள். கட்டிங் சைக்கிளைத் திருப்பினார். பள்ளிக்கூடத்துக்காரர்கள் கடை வாசலில் வந்து நின்றிருப்பார்கள்.